மதுரை தங்கம் தியேட்டர்: இடித்துவிட்ட கட்டடத்தை எப்படி வரைவது?

உச்சிப்புளியைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தாத்தா மதுரைக்குப் போய்த் தங்கம் தியேட்டரில் படம் பார்த்த கதையை இன்றும் சொல்கிறார். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமைப்படுகிறார். இப்போது இல்லாத அந்தக் கட்டடத்தை என் படிப்புக்காக வரைந்து பார்க்க ஆசை. அது ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டது, எந்த வகையில் சிறப்பானது, ஏன் நிலைக்கவில்லை?"

தம்பி, நான் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவன். கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கத்தில் சிறுவனாகவும் இளைஞனாகவும் படம் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே ஓடிய படங்களையும் நடிகர்களின் ரசிகர்கள் செய்த ஆரவாரத்தையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் அடிப்படைச் செய்திகள். தங்கம் தியேட்டர் மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது. 1952ஆம் ஆண்டு தீபாவளி நாளான அக்டோபர் 17 அன்று வெளியான பராசக்திதான் அங்கே திரையிடப்பட்ட முதல் படம். சிவாஜி கணேசனுக்கும் அதுவே முதல் படம். இருக்கைகள் 2,563 என்றும் பரப்பு 52,000 சதுர அடி என்றும் சொல்லப்படுகின்றன. 52,000 சதுர அடி என்பது நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 119 சென்ட். ஆசியாவிலேயே பெரியது என்ற பட்டத்தை வாதிட்டு நிலைநாட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. 2,563 என்ற எண் ஒன்றே போதும். இன்றைய வணிக வளாகத் திரையரங்குகளில் ஒரு திரைக்கு 150 முதல் 300 இருக்கைகள் இருந்தாலே அது சராசரியான அரங்கு. அப்படிப்பட்ட பத்து அரங்குகளை ஒரே கூரையின் கீழ், இடையில் சுவரே இல்லாமல் வைத்துப் பார்த்தால் தங்கத்தின் அளவு ஓரளவு மனத்தில் பதியும்.

நீங்கள் வரைபடத்தைத் தொடங்கும்போது கட்டடத்திலிருந்து தொடங்காமல் தெருவிலிருந்து தொடங்குங்கள். மதுரையைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1830களிலும் 1840களிலும் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் அந்தக் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியச் செய்தார். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பெருமாள் மேஸ்திரியின் பெயரும், நில அளவையாளர் மாரெட்டின் பெயரும் புதிதாக உருவான வீதிகளுக்கு வைக்கப்பட்டன. கோட்டை இருந்தவரை நெருக்கமான சிறு வீதிகளாகவே இருந்த ஊரில் மேலவெளி வீதியும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்த பிறகுதான் மேற்குப் பக்கம் பெரிய மனைகள் கிடைத்தன; பின்னாளில் ரயில் நிலையமும் அந்தப் பக்கமே வந்தது. நகரத்தின் நடுவில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ரயில் நிலையத்துக்கும் எட்டும் தூரத்தில் இவ்வளவு பெரிய கொட்டகை அமைய முடிந்ததற்கு இந்தப் பின்னணி முக்கியம். ஒரு பெரிய இடிப்பால் பிறந்த வீதியில் எழுந்த கட்டடம், தானும் இடிபட்டுப் போயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ரயில் நிலையத்துக்கு அருகே என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கடற்கரை மக்களுக்கு மதுரை என்பது ரயிலில் போய்ச் சேரும் ஊர். என் அப்பா கருவாட்டு வியாபாரம் செய்தார். மதுரை மண்டிக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, கணக்கு முடிக்க மாதம் ஒரு முறை போவார். 1965ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, என்னையும் முதன்முறையாக அழைத்துக்கொண்டு போனார். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மறு ஆண்டு அது. மீட்டர் கேஜ் வண்டி ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று நின்று நின்று மதுரை போய்ச் சேர்ந்தது. மண்டியில் வேலை முடிந்ததும் அப்பா என்னைத் தங்கத்துக்கு அழைத்துப் போனார். அதற்கு முன் நான் பார்த்திருந்ததெல்லாம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைதான்: கீற்றுக் கூரை, பக்கத்தில் தட்டி, தரை டிக்கெட்டுக்கு மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில நாற்காலிகள். கடற்காற்று அடித்தால் திரை படகுப் பாய்போல உப்பும். திரையில் இருக்கும் முகமும் சேர்ந்து உப்பும். அப்படிப்பட்ட கொட்டகையிலிருந்து வந்த ஒரு பையன் தங்கத்துக்குள் நுழைந்தபோது முதலில் பார்த்தது திரையை அல்ல. மேலே பார்த்தேன். கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தது.

அந்த உயரத்தையும் அகலத்தையும் புரிந்துகொள்ள நமக்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ராமேஸ்வரம் கோயிலின் வெளிப் பிரகாரத்தில் 1,212 தூண்கள் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஏன் அத்தனை தூண்கள்? அழகுக்காக மட்டும் அல்ல. கல் அமுக்கத்தைத் தாங்கும். ஆனால் இழுவிசையைத் தாங்காது. இரண்டு தூண்களுக்கு நடுவே கல் உத்தரத்தை நீட்டிக்கொண்டே போனால் அதன் அடிப்பக்கம் இழுபட்டு நடுவில் விரிசல் விடும். அதனால் கல்லில் கட்டுகிறவர் சில அடிகளுக்கு ஒரு தூண் நிறுத்தியே ஆக வேண்டும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்திலும் தூண் வரிசைகளைக் காணலாம். அங்கெல்லாம் கூட்டத்தின் நடுவே தூண் நிற்பது குறையில்லை. நடந்து வலம் வருகிறவருக்கு ஒவ்வொரு தூணும் ஒரு புதிய காட்சியைத் திறந்துவிடுகிறது. திரையரங்கு அப்படி அல்ல. அங்கே ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து ஒரே சதுரத்தைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு தூண் நின்றால் அதன் பின்னால் இருக்கும் ஒரு வரிசை முழுவதுமே விற்க முடியாத இருக்கையாகிவிடும். ஆகவே கூரையின் பாரம் முழுவதையும் பக்கச் சுவர்களுக்கே கொண்டுபோக வேண்டும். டிரஸ் என்று நம் கொத்தனார்களும் சொல்லும் இரும்புக் கூரைச் சட்டமும், கம்பி கட்டிய கான்கிரீட் உத்தரமும் வந்த பிறகே இது சாத்தியமாயிற்று. தூண்களின் நடுவே வளர்ந்த தென் மாவட்டத்து மக்கள், தூண் மறைக்காத ஒரு பெரிய வெளியில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்த முதல் அனுபவம் இத்தகைய திரையரங்குகளில்தான் கிடைத்தது. இது சினிமா வரலாற்றில் எழுதப்பட வேண்டிய செய்தி என்பதைவிட, நம் கட்டடக்கலை வரலாற்றில் எழுதப்பட வேண்டிய செய்தி என்றே நான் நினைக்கிறேன்.

காலத்தையும் கவனியுங்கள். நாடு விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1951 வாக்கில் நாடு முழுவதற்கும் சேர்த்து உருட்டி முடித்த இரும்பு உற்பத்தி ஏறத்தாழ பத்து லட்சம் டன்தான். சிமெண்டும் இரும்பும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. அந்த நிலையில் தனியார் ஒருவர் இத்தகைய வெளியை மூட முனைந்தது துணிச்சலான செயல். மதுரைக்கு அந்தத் துணிச்சல் புதிதன்று. 1937இல் வெளிவந்த சிந்தாமணி படத்தை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸார், அதில் வந்த லாபத்தைக் கொண்டு படத்தின் பெயரிலேயே ஒரு தியேட்டரைக் கட்டினார்கள். படம் சம்பாதித்த பணம் கட்டடமாக மாறி, அந்தக் கட்டடம் மேலும் படங்களை வரவழைத்த ஊர் மதுரை. அந்தச் சிந்தாமணியும் இன்று இல்லை.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். 2,563 பேரை உட்காரவைக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு நாற்காலிக்கு அரை மீட்டர் அகலம், வரிசைக்கு வரிசை எண்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி, அதோடு நடைபாதைகளின் பங்கு என்று கூட்டினால் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 0.65 சதுர மீட்டர் வரும். மொத்தம் சுமார் 1,670 சதுர மீட்டர், அதாவது 18,000 சதுர அடி. கீழ்த்தளமும் பால்கனியும் சேர்ந்த கணக்கு இது. 52,000 சதுர அடியில் இது மூன்றில் ஒரு பங்குதான். திரை, மேடை, புரொஜெக்டர் அறை ஆகியவற்றைக் கழித்தாலும் பெரும் பகுதி மிஞ்சும். அந்த மிச்சம் எதற்கு என்று கேட்டால், படம் பார்க்காத நேரத்துக்கு. வரிசையில் நிற்க, டிக்கெட் கிடைத்தவர் காத்திருக்க, இடைவேளையில் வெளியே வந்து காற்று வாங்க, சைக்கிளை நிறுத்த, ஒரு காட்சி முடிந்து வெளியே வரும் கூட்டமும் அடுத்த காட்சிக்கு உள்ளே போகும் கூட்டமும் மோதிக்கொள்ளாமல் விலகிப் போக என்று அந்த இடம் செலவாயிற்று. இன்றைய திரையரங்கில் ஒவ்வொரு அடியும் விற்பனைக்கு உரியது. தங்கம் கட்டப்பட்ட காலத்தில், டிக்கெட் வாங்கியவருக்கு நிற்கவும் நடக்கவும் இடம் தருவதும் காட்சியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. நீங்கள் வரையும்போது அரங்கத்தை மட்டும் வரைந்துவிட்டு முற்றத்தை வெறும் வெள்ளையாக விட்டுவிடாதீர்கள். தங்கத்துக்குப் போனவர்கள் சொல்லும் நினைவுகளில் பாதி அந்த வெளியிடத்தில் நடந்தவைதான்.

கதவுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆள் தாராளமாக நடந்து போகும் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் நாற்பது பேர் வெளியேறலாம் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்வது வழக்கம். 2,563 பேர் ஐந்து நிமிடத்தில் வெளியேற வேண்டுமானால் அப்படிப்பட்ட பதின்மூன்று வழிகளுக்கு ஈடான வாசல் அகலம் வேண்டும். பால்கனிக்குத் தனிப் படிக்கட்டுகள் வேண்டும். அவை கீழ்த்தளக் கூட்டத்தோடு கலக்காமல் நேரே வெளியே இறங்க வேண்டும். இது வெறும் வசதிக்கான கணக்கன்று. 1979இல் தூத்துக்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் கடற்கரையில் அந்தச் செய்தியைக் கேட்டு அழாத வீடு இல்லை. திரையரங்குகளை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 1955இல்தான் வந்தது. தங்கம் அதற்கு முன்பே எழுந்துவிட்டது.

புரொஜெக்டர் அறையை வரையும்போது அது வெறும் ஒரு சிறிய அறை என்று எண்ணிவிட வேண்டாம். கட்டடத்தின் இதயம் அது. தங்கம் திறக்கப்பட்ட காலம் ஃபிலிமின் வரலாற்றில் ஒரு திருப்பம். அதுவரை பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றினால் அணைக்கவே முடியாது. 1950களின் தொடக்கத்தில்தான் அதன் இடத்துக்கு எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் ஃபிலிம் வந்தது. பழைய அச்சத்தின் காரணமாகப் புரொஜெக்டர் அறையைத் தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைத்துத் தனியாகக் கட்டுவார்கள். ஒளி வெளியே போகும் சிறு துளைகளுக்கும் தீ எழுந்தால் தாமாக விழுந்து மூடிக்கொள்ளும் இரும்புத் தகடுகள் இருக்கும். உள்ளே இரண்டு புரொஜெக்டர்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும். 2,000 அடிச் சுருள் ஒன்று 22 நிமிடத்தில் தீரும். தீருமுன் அடுத்த புரொஜெக்டரைத் தயாராக வைத்து, பார்க்கிறவர் அறியாதபடி மாற்ற வேண்டும். விளக்கு என்பது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் மின்சுடர். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அரங்கம் எவ்வளவு நீளமோ, திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சுடருக்கு அதிக மின்னோட்டம் வேண்டும். தங்கத்தின் அளவுக்குத் திரையை ஒளியால் நிரப்புவது சிறு கொட்டகை ஆபரேட்டருக்குப் பழக்கமில்லாத வேலை.

திரையின் வடிவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1952இல் படங்கள் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற வடிவில் இருந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சினிமாஸ்கோப் வந்துவிட்டது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வெளிவந்தது. ஆகவே அந்தக் காலத்தில் கட்டப்பட்ட எந்த அரங்கமும் ஒருவகைத் திரைக்காகத் திட்டமிடப்பட்டு, வேறுவகைத் திரையோடு வாழ நேர்ந்தது. நீங்கள் எந்த ஆண்டின் தங்கத்தை வரையப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ஒலி. என் வாழ்நாள் வேலையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது. திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும்; ஒலிபெருக்கிகள் அதன் பின்னால் நிற்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. அரங்கம் 45 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் கடைசி வரிசைக்கு வசனம் போய்ச்சேர நொடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகும். ஃபிலிமில் நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடுவதால், அது மூன்று படங்களின் நேரம். முன் வரிசையில் இருப்பவருக்கு உதடும் சொல்லும் ஒன்றாக வர, கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல் மூன்று படம் தாமதமாக வரும். பராசக்தி போல வசனத்துக்காகவே மக்கள் திரண்ட படங்கள் ஓடிய காலத்தில், இந்த நுணுக்கம் எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் எதிரொலி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் 1890களில் ஒரு விரிவுரை மண்டபத்தில் இரவு நேரங்களில் மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்து, ஒலி ஒரு மண்டபத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். மண்டபத்தின் கன அளவு கூடினால் ஒலி தங்கும் நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும். திரையரங்கில் ஒலியை மிகுதியாக உறிஞ்சும் பொருள் எது தெரியுமா? மனிதர்கள்தான். ஓர் ஆளுக்கு நான்கு கன மீட்டர் என்று வைத்தால் 2,563 இருக்கைகள் உள்ள அரங்கம் ஏறத்தாழ 10,000 கன மீட்டர். அத்தகைய அரங்கம் நிறைந்திருந்தால் ஒலி தங்கும் நேரம் ஒரு நொடியை ஒட்டி நிற்கும். வசனம் தெளிவாக விழும். அதே அரங்கத்தில் 250 பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால், இருக்கைகள் மெத்தை இல்லாதவை என்றால், அது மூன்று நொடியை நெருங்கிவிடும். ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். கூட்டம் நிறைந்த பெரிய அரங்கில் அடுத்தவர் மூச்சும் நம் மூச்சும் சேர்ந்து வசனத்தைத் தெளிவாக்கின என்பது கவிதைக்காகச் சொல்வதன்று. கணக்கு அதைத்தான் சொல்கிறது.

வெப்பமும் அப்படியே. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படும். 2,563 பேர் என்றால் 250 கிலோவாட்டுக்கு மேல். மதுரையின் சித்திரை மாதத்தில் மூன்று மணி நேரம் அந்த வெப்பத்தைத் தாங்குவதற்கு உயரமான கூரைதான் முதல் மருந்து. சூடான காற்று மேலே ஏறி நின்றுகொள்ளும். சிறுவனாக நான் அண்ணாந்து பார்த்த அந்த உயரத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருந்தது.

ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஒரு நாளைக்கு மூன்று காட்சிகள், எல்லாம் நிறைந்த காட்சிகள் என்று வைத்தால் 7,689 பேர். நூறு நாள் என்றால் ஏழரை லட்சத்துக்கும் மேல். 1951 மக்கள்தொகைக் கணக்கில் மதுரை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். கைக்குழந்தை முதல் கிழவர் வரை மதுரைக்காரர் ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்தால்தான் நூறு நாளும் நிறையும். ஆகவே தங்கம் மதுரைக்கு மட்டும் கட்டப்பட்ட கட்டடம் அன்று. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் சுற்றுவட்டாரத்தை நம்பிக் கட்டப்பட்டது. மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கை, பரமக்குடி, ராமநாதபுரம், நம் மண்டபம் என்று வியாபாரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும் வந்தவர்கள், வந்த வேலையை முடித்துவிட்டுத் தங்கத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு ரயிலேறினார்கள். உங்கள் தாத்தா அப்படிப் போனவர்களில் ஒருவர். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு அந்த அளவே தேவைப்பட்டிருக்காது. நாம் மதுரைக்குப் போய் வேடிக்கை பார்த்ததாக நினைக்கிறோம். உண்மையில் அந்த அரங்கத்தின் அகலத்தில் ஒரு பங்கு நம் கடற்கரையால் வந்தது.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடையும் இதே கணக்கில் இருக்கிறது. வெளியூர்க் கூட்டம் குறைந்தால் முதலில் காலியாவது பெரிய அரங்கம். நம் பக்கத்தில் அது எப்படித் தொடங்கியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதும், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை வீடுகளின் மேல் உயரமான ஆண்டெனாக்கள் கடலைப் பார்த்து நின்றன. மதுரைத் திரையரங்குகளுக்கும் நமக்கும் இடையே முதலில் வந்து உட்கார்ந்தது கடலுக்கு அப்பாலிருந்து வந்த அலைதான். பிறகு வாடகைக்கு வீடியோ டெக் வந்தது, கொடைக்கானல் ஒளிபரப்பு வந்தது, ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது, கேபிள் வந்தது. ஒரே படத்தைப் பல ஊர்களில் ஒரே நாளில் வெளியிடும் வழக்கமும் பரவியது. ராமநாதபுரத்திலேயே புதுப்படம் ஓடும்போது அதற்காக மதுரைக்கு யார் போவார்கள்?

1990களில் ஒரு பகல் காட்சிக்குத் தங்கத்துக்குப் போனேன். அந்தப் பெரிய அரங்கத்தில் அங்கங்கே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேலே சொன்ன மூன்று நொடி எதிரொலியை அன்று காதால் கேட்டேன். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் திட்டினார். ஒலிபெருக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒலியை வாங்கிக்கொள்ள ஆட்கள் இல்லை. பெரிய திரையரங்கு ஆள் குறையக் குறைய வருமானத்தை மட்டும் இழப்பதில்லை, தன் தரத்தையும் இழக்கிறது. தரம் குறைவதால் இன்னும் ஆட்கள் குறைகிறார்கள். சிறிய அரங்கத்துக்கு இந்தச் சாபம் இல்லை. தங்கம் மூடப்பட்டதற்கு நிலத்தின் விலை, வரி, பராமரிப்புச் செலவு என்று பல காரணங்களைச் சொல்லலாம். அவை எல்லாம் மற்ற பழைய தியேட்டர்களுக்கும் பொது. தங்கத்துக்கே உரிய காரணம் அதன் பருமன் என்பதே என் கருத்து.

இடித்து முடித்த பிறகுதான் நான் அந்த வீதிக்குப் போனேன். இப்போது அங்கே பல மாடி ஜவுளிக்கடை ஒன்று நிற்கிறது. வாங்குகிறவர்கள் கூட்டம் அங்கும் உண்டு. நம் ஊரிலிருந்தும் துணி எடுக்கப் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு வாரம் செலவிட்டு அளவுநாடாவைப் பிடித்து அந்த அரங்கத்தை அளந்து வைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தத் துறையிலேயே வேலை பார்த்த நானும் அதைச் செய்யவில்லை. மதுரைக்கு எத்தனையோ முறை போயும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியிருக்கிறேன்.

நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறைந்தது நூறு ஆண்டு பழமையானவற்றையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் தங்கம் 2052 வரை உயிரோடு இருந்தால்தான் பேச்சே தொடங்கும். தமிழ்நாட்டில் மரபுரிமை ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஐம்பது அறுபது வயதான கட்டடங்கள் இப்படித்தான் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போகின்றன: பழையது என்று போற்றும் அளவுக்கு வயதாகவில்லை, புதியது என்று பயன்படுத்தும் அளவுக்கு இளமையும் இல்லை. நம் தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பரில் கடல் ஓர் இரவில் அந்த ஊரை அழித்தது. ஆனாலும் பவளக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே போகிறவர் அந்தச் சுவரில் கை வைத்து, இங்கே ஒரு கூட்டம் மண்டியிட்டிருந்தது என்று உணர முடிகிறது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் கை வைக்க ஒரு கல் இல்லை.

அதனால்தான் உங்கள் வரைபடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாத்தாவிடம் என்ன படம் பார்த்தீர்கள், யார் நடித்தார்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து இருக்கைக்குப் போக எந்தப் பக்கம் திரும்பினார், படி ஏறினாரா, ஏறினார் என்றால் நடுவில் எத்தனை இடத்தில் திரும்ப வேண்டியிருந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து திரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்ததா, தாழ்த்த வேண்டியிருந்ததா, முன்னால் இருப்பவர் தலை மறைத்ததா, இடைவேளையில் எங்கே போய் நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கக் கதவிலிருந்து வந்தது, படம் விட்டதும் வீதிக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். தலையை நிமிர்த்திய கோணம் தெரிந்தால் திரையின் உயரத்தை நெருங்கலாம்; முன்னால் இருந்தவர் தலை மறைக்கவில்லை என்றால் தரைச் சரிவைக் கணக்கிடலாம். ஒரே ஆள் சொல்வது பிசகலாம். பத்துப் பேர் சொல்வதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பிசகுகள் விலகிச் சுவர்கள் நிற்கும் இடம் தெரியவரும். மண்டபத்திலும் பரமக்குடியிலும் அங்கே உட்கார்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயது கடந்துகொண்டிருக்கிறது. அதனால் இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

என் அப்பாவிடம் நான் இவற்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அன்று படம் முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாது என்று ரயில் நிலையம் வரும்வரை அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்தது பால்கனிக்குக் கீழே, இடப்பக்கம். திரையின் மேல் விளிம்பு எனக்கு முழுதாகத் தெரிந்தது. இதை உங்கள் முதல் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா சொல்வதையும் எழுதி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள், தம்பி. பால்கனியின் அடி விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று இருவரும் சேர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.